கண்மாய் மீனிலிருந்து தேவாங்கு வரை: பரிணாமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலம் பக்கத்தில் பல வருடங்களாக மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தி வருகிறேன். பரிணாமப் பாடம் வந்துவிட்டால், வருடம் முழுக்க வாயே திறக்காத பிள்ளைகளும் எழுந்து கேள்வி கேட்பார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அப்பாக்கள், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெரியவர்கள் எல்லாரிடமிருந்தும் அதே கேள்விகள் வரும். அவற்றில் அடிக்கடி வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கூடியவரை மதுரையைச் சுற்றி நாம் தினமும் பார்க்கிற மீன், மாடு, பூ வழியாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

உயிருள்ளது என்று எதைச் சொல்வது?

இட்லி மாவைப் பாருங்கள். ராத்திரி பாதிப் பாத்திரம் இருந்த மாவு, விடிகாலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டி வந்த பாக்டீரியாக்கள் செய்யும் வேலை அது. முதலில் பெருகுவது லூக்கோநாஸ்டாக் என்ற வகை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது, மாவு பொங்குகிறது. கூடவே அமிலமும் சேர்வதால் மாவு புளிக்கிறது. புளிப்பு ஏற ஏற, அதைத் தாங்கக்கூடிய வேறு பாக்டீரியாக்களின் கை ஓங்குகிறது.

உயிரின் அடையாளங்கள் எல்லாம் அந்த ஒரு கரண்டி மாவில் இருக்கின்றன. உணவை எடுத்து ஆற்றலாக்குவது, கழிவை வெளியே தள்ளுவது, சூழலுக்குத் தக்கபடி நடந்துகொள்வது (மார்கழிக் குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான்), வளர்வது, தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்குவது. இத்தனையும் செல் என்ற சின்னப் பைக்குள் நடக்கிறது. பாக்டீரியாவுக்கு ஒரே செல். நம் உடம்பில் சுமார் 37 லட்சம் கோடி.

ஆனால் உப்புப் படிகமும் வளர்கிறது, நெருப்பும் பரவுகிறது. அவற்றை உயிர் என்று நாம் சொல்வதில்லை. உயிரிடம் மட்டும் இருப்பது ஒரு செய்முறைக் குறிப்பு. டிஎன்ஏ என்ற நீண்ட இழையில் நான்கே நான்கு வேதி எழுத்துகளால் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தக் குறிப்பு படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது அங்கங்கே ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அந்த மாற்றமும் பிள்ளைக்குப் போகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த எழுத்துப் பிழையிலிருந்துதான் தொடங்குகிறது.

வைரஸ் உயிரா இல்லையா?

அதனிடம் செய்முறைக் குறிப்பு உண்டு, சமையலறை கிடையாது. இன்னொரு செல்லுக்குள் புகுந்தால்தான் பெருக முடியும். அதனால் உயிர் என்று சொல்வோரும் உண்டு, இல்லை என்போரும் உண்டு. பரிணாமம் அதற்கும் நடக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. கொரோனா காலத்தில் டெல்டா, ஒமைக்ரான் என்று அடுத்தடுத்து வந்ததை நாமே பார்த்தோம்.

இயற்கைத் தேர்வு என்கிறீர்களே, தேர்ந்தெடுப்பது யார்?

யாரும் இல்லை. இதைப் புரியவைக்க நான் பிள்ளைகளைக் கண்மாய்க்குத்தான் கூட்டிப்போவேன்.

மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழா பார்த்தவர்களுக்கு வற்றும் கண்மாய் எப்படி இருக்கும் என்று தெரியும். கோடையில் தண்ணீர் குறையக் குறையச் சூடாகிறது, கலங்குகிறது, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இறங்குகிறது. குத்தகைதாரர் விட்ட கட்லாவும் ரோகுவும் முதலில் தவித்து மிதக்கும். விராலும் குறவையும் பனையேறிக் கெண்டையும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அவை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பச் சேற்றுக்குள் போய்விடும். செவுளுக்கு மேலே ரத்தக்குழாய் நிறைந்த ஓர் அறை அவற்றுக்கு இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனை அது நேராக ரத்தத்தில் சேர்க்கும். பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கே போய்விடும். கட்லாவும் ரோகுவும் கங்கை போன்ற வற்றாத பெரிய ஆறுகளிலிருந்து நாம் கொண்டுவந்த மீன்கள். அவற்றுக்கு அப்படி ஓர் அறை இல்லை.

சரி, அந்த அறை எப்படி வந்தது? வற்றிப்போகும் நீர்நிலைகளில் வாழ்ந்த பழைய மீன் கூட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அச்சு இல்லை. சிலவற்றுக்குத் தொண்டைத் தோலில் ரத்தக்குழாய் கொஞ்சம் கூடுதல், சிலவற்றுக்குக் குறைவு. இந்த வித்தியாசம் தாய் தகப்பனிடமிருந்து வந்தது. கடும் கோடையில் கூடுதல் உள்ளவற்றில் சில அதிகமாகத் தப்பின. அடுத்த மழையில் முட்டையிட்டவை பெரும்பாலும் அவைதான். அதனால் அடுத்த தலைமுறையில் அந்தக் குணம் உள்ளவற்றின் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம். இப்படியே லட்சக்கணக்கான கோடைகள்.

நடந்தது இவ்வளவுதான். கூட்டத்துக்குள் வித்தியாசம் இருக்கிறது. அது பிள்ளைகளுக்குப் போகிறது. சில வித்தியாசங்கள் உள்ளவற்றுக்கு அதிகப் பிள்ளைகள் பிழைக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் யாரும் தேர்ந்தெடுக்காமலே தேர்வு நடந்துவிடும். தனி மீன் மாறவில்லை, பிறந்தபடியேதான் சாகிறது. மாறுவது கூட்டத்தின் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் பரிணாமத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். பாண்டிய நாட்டுக் கண்மாய்கள் வெட்டப்பட்ட பிறகு இது நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே விரால் குடும்பம் இருந்தது. வற்றும் குட்டைகளில் பிழைக்கத் தெரிந்த மீனுக்கு நாம் வெட்டிய கண்மாய் ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

மூச்சு முட்டியதால் மீன் முயற்சி செய்து அந்த அறையை வளர்த்துக்கொண்டது என்று சொன்னால் தப்பா?

தப்புதான். ஆனால் பெரிய அறிஞர்களும் செய்த தப்பு. வாழ்நாளில் உழைத்துச் சம்பாதித்த உடல் மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்று பிரான்சின் லாமார்க் 1809-ல் எழுதினார்.

இதற்குப் பதில் நம் பாட்டிமார் காதில் இருக்கிறது. தண்டட்டியும் பாம்படமும் போட்டுத் தோள் வரை காது வளர்த்த பெண்கள் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். என் அப்பத்தாவும் அப்படித்தான். அவருக்குப் பிறந்த ஒரு பிள்ளைக்கும் காது நீண்டு பிறக்கவில்லை. ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் முதலிலிருந்து காது குத்தி, ஓலை செருகி, வளர்க்க வேண்டியிருந்தது. காதுத் தோலில் நடந்த மாற்றம் முட்டைக்கும் விந்துக்கும் உள்ளே இருக்கும் குறிப்பில் ஏறுவதில்லை. ஜெர்மனியில் வைஸ்மன் என்ற விஞ்ஞானி இதே உண்மையைக் காட்ட, தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். வால் குட்டையாகவே இல்லை.

அப்படியானால் புதுக் குணம் எங்கிருந்துதான் வருகிறது?

முன்பு சொன்ன எழுத்துப் பிழையிலிருந்து. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் டிஎன்ஏவிலும் தாய் தகப்பனிடம் இல்லாத புதுப் பிழைகள் அறுபது எழுபது இருக்கும். பெரும்பாலானவற்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. சில கெடுதல் செய்யும். அபூர்வமாக ஒன்று, இருக்கிற சூழலில் உதவிவிடும். பிழை நேர்வது குருட்டுத்தனம். பிழைத்து நிற்பது குருட்டுத்தனம் இல்லை, அதைக் கோடை தீர்மானிக்கிறது. 'எல்லாம் தற்செயல் என்கிறீர்களா?' என்று கேட்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

டார்வினுக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

டார்வின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் புறா வழியாக ஒரு சம்பந்தம் இருக்கிறது.

மதுரையில் மொட்டைமாடிக்கு மாடி கூண்டு வைத்துப் பந்தயப்புறாவும் கர்ணப்புறாவும் வளர்க்கிறவர்களுக்கு டார்வினை ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவரும் வீட்டில் புறா வளர்த்தவர். லண்டன் புறா வளர்ப்போர் சங்கங்களில் போய்ச் சேர்ந்து, இனம் இனமாக வாங்கி, கலந்து பார்த்து, எலும்பை அளந்தார். வால் விசிறிப் புறா, கரணம் போடும் புறா, கழுத்தை ஊதும் புறா எல்லாமே சாதாரண மாடப்புறாவிலிருந்து வந்தவை என்ற முடிவுக்கு வந்தார். இந்த ஆராய்ச்சிக்குப் புறாத் தோல்களை அனுப்பி உதவியவர்களில் ஒருவர், சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட். டார்வின் தன் புத்தகத்தில் அவர் பெயரைச் சொல்லி நன்றி எழுதியிருக்கிறார்.

மற்றபடி, 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் பயணம். அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் யோசனை, குறிப்பு, தயக்கம். 1858-ல் மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் என்பவர் இதே கருத்தை எழுதி டார்வினுக்கே அனுப்பினார். இருவர் எழுத்தும் அந்த வருடம் ஜூலை 1 அன்று லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. 1859 நவம்பரில் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. வாலஸ் பெயரை நம் பிள்ளைகள் கேள்விப்படாமலே போய்விடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், அழகர்கோயிலில் ஏன் இன்னும் குரங்கு இருக்கிறது?

எனக்கு வந்த கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான்.

சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பாட்டன், பூட்டன். நீங்கள் உங்கள் பங்காளிக்குப் பிறந்தவர் இல்லை. நீங்கள் மதுரைக்குக் குடிவந்துவிட்டீர்கள் என்பதற்காக ஊரில் இருக்கும் பங்காளி காணாமல் போகவும் வேண்டியதில்லை. அழகர்கோயிலில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற நாட்டுக்குரங்கு நமக்கு அப்படிப்பட்ட தூரத்துப் பங்காளி. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து இரண்டரை, மூன்று கோடி ஆண்டு ஆகிறது. அந்த மூதாதை இன்றைய குரங்கும் இல்லை, இன்றைய மனிதனும் இல்லை. சிம்பன்சி நெருங்கிய பங்காளி. பிரிந்து ஆறேழு மில்லியன் ஆண்டு, அதாவது அறுபது எழுபது லட்சம் ஆண்டுதான்.

இதற்கு அத்தாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது. டிஎன்ஏ இழை சுருட்டி வைத்த கட்டுக்குக் குரோமோசோம் என்று பெயர். சிம்பன்சிக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. இரண்டு எப்படிக் குறைந்தது என்று தேடியபோது, நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய எழுத்து வரிசை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிப்போன தழும்பு அது. பயந்தால் நமக்கு மயிர்க்கூச்செறிகிறதே, அதுவும் பழைய சொத்துதான். உடம்பெல்லாம் முடி இருந்த காலத்தில் சிலிர்த்து நின்றால் உருவம் பெரிதாகத் தெரியும், குளிரும் குறையும். முடி போய்விட்டது, சிலிர்ப்பு மட்டும் மிச்சம்.

'வலியது வாழும்' என்பதுதானே டார்வின் சொன்னது?

அந்தத் தொடரை உண்டாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864-ல். டார்வின் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டார். தமிழில் 'வலியது வாழும்' என்று மாற்றியது பெரிய அநியாயம் செய்துவிட்டது. 'தக்கது தங்கும்' என்றால் இன்னும் கிட்டத்தில் வரும். எதற்குத் தக்கது என்றால், அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு. வற்றாத ஆற்றில் கட்லா ராஜா. வற்றிய கண்மாயில் கைப்பிடி அளவு பனையேறிக் கெண்டை அதை வென்றுவிடும்.

இந்தத் தவறான மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, மேலே இருப்பவன் மேலே இருப்பது இயற்கை, கீழே இருப்பவன் தகுதியில்லாதவன் என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பரிணாமத்தில் அப்படி ஓர் ஏணியே கிடையாது. கிளைகள்தான் உண்டு. கரப்பான்பூச்சி நம்மைவிடத் தாழ்ந்ததும் இல்லை, நம்மை நோக்கி வந்துகொண்டிருப்பதும் இல்லை. சேர்ந்து வாழ்வதும் தக்கதாக இருக்கலாம். குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் காவல் காக்கும் விராலைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

ஜல்லிக்கட்டுக் காளையை நாம் உருவாக்கினோம் என்பது உண்மையா?

நாமும் இயற்கையும் சேர்ந்து உருவாக்கினோம். புலிக்குளம் மாடு கிடை மாடு. மந்தையாக ஊர் ஊராக மேய்ந்து, அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை போட்டு உரம் கொடுத்தது. வெயிலும் காய்ந்த புல்லும் தாங்காதவை அந்த வாழ்க்கையில் கழிந்துபோயின. அது இயற்கைத் தேர்வு. அப்புறம் மனிதன் செய்தது: திமில் பெரியது, துடி அதிகம், பிடிக்குச் சிக்காதது என்று பார்த்துப் பார்த்து அந்தக் காளையைப் பசுக்களோடு சேர்த்தான். அது செயற்கைத் தேர்வு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களும் இப்படித்தான். ஓட்டத்துக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று.

மதுரை மல்லி வேறு கதை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மல்லி விதையால் பெருகுவதில்லை. குச்சியையும் பதியனையும் வைத்துத்தான் பெருக்குகிறோம். நாற்றுகள் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருவது பூ விவசாயிகளுக்குத் தெரியும். குச்சி வெட்டி நட்ட செடி, தாய்ச்செடியின் நகல். அதனால் தோட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே செடி. மணமும் ஒன்று, பலவீனமும் ஒன்று. ஒரு செடிக்குச் சேரும் நோய் எல்லாவற்றுக்கும் சேரும், ஏனென்றால் தப்பிக்கிற 'வேறு மாதிரி' செடி அங்கே இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் தேர்வுக்கு வேலை இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு உதாரணம் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். மல்லிகை ஏன் வெள்ளை, ஏன் பொழுது சாய்ந்ததும் மணக்கிறது? இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான். நம் தலையில் சூடுவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அந்த அழைப்பு தயாராகிவிட்டது.

கண் மாதிரி நுணுக்கமான உறுப்பு தானாக வர முடியுமா? பாதிக் கண்ணால் என்ன பயன்?

டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் நம்முடையது. கண்புரை முற்றி, வெளிச்சம் மட்டும் தெரிகிற ஒரு தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், வெளிச்சம் தெரிவதும் பெரிய பயன்தான் என்பார்.

பாதிக் கண்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சில புழுக்களுக்கு ஒளி உணரும் புள்ளி மட்டும். அந்தப் புள்ளி குழியானால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். குழியின் வாய் குறுகினால் உருவம் விழும். நாட்டிலஸ் என்ற கடல் உயிருக்கு இப்படி லென்ஸ் இல்லாத கண். வாயை மூடும் ஊன்பசை கொஞ்சம் தடித்தால் லென்ஸ். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம் உதவி. 1994-ல் ஸ்வீடனில் நில்சன், பெல்ஜர் இருவரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கஞ்சத்தனமாகக் கணக்கிட்டும் நான்கு லட்சம் தலைமுறைக்குள் முடிந்துவிடுகிறது.

நம் கண்ணில் குறையும் உண்டு. ஒரு தாளில் இடப்பக்கம் பெருக்கல் குறி, அதற்கு எட்டு சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி போடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெதுவாகக் கிட்டே கொண்டுவாருங்கள். சுமார் முப்பது சென்டிமீட்டரில் புள்ளி மறைந்துவிடும். நமக்கு நரம்புகள் விழித்திரைக்கு முன்பக்கம் ஓடி, ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போகின்றன. அந்தத் துளைக்குப் பார்வை இல்லை. ஆக்டோபஸ் கண்ணில் நரம்பு பின்பக்கமே இருப்பதால் இந்தக் குறை அதற்கு இல்லை. ஏற்கனவே இருந்ததைத் திருத்தித் திருத்திக் கட்டிய வீட்டில் இப்படி ஒரு மூலை மிஞ்சும்.

பரிணாமம் நடப்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பருத்தி போட்ட எந்த விவசாயியும் பார்த்திருக்கிறார். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் காய்ப்புழுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2002-ல் பிடி பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. செடியே புழுவுக்கு நஞ்சு செய்யும். கோடிக்கணக்கான புழுக்களில் அந்த நஞ்சைத் தாங்கும் எழுத்துப் பிழை உள்ளவை எங்கோ சில இருந்தன. மற்றவை செத்ததும் வயல் முழுக்க அவற்றுக்கே கிடைத்தது. 2010 வாக்கில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்கு அடங்கவில்லை என்று தெரிந்தது. அடுத்து வந்த, இரண்டு நஞ்சு சேர்ந்த பருத்தி வகையையும் அது சில வருடத்தில் தாண்டிவிட்டது.

விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனியாகக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் அதை விதைத்தால் நஞ்சு தாங்காத புழுக்களும் கொஞ்சம் பிழைத்து, தாங்கும் புழுக்களோடு கலந்து, குணம் நீர்த்துப்போகும். இயற்கைத் தேர்வைக் கணக்குப் போட்டுத் தந்த பாக்கெட் அது. ஏன் என்று யாரும் விளக்கிச் சொல்லாததால் எத்தனையோ பேர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே கதைதான் மாத்திரையிலும். என் அம்மாவுக்கு ஒருமுறை டாக்டர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் 'ரெண்டு நாளைக்குப் போதும், சரியாயிடும்' என்று வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல் விட்டது, நான்காம் நாள் திரும்ப வந்தது. வசதியான சூழலில் சில பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். நமக்கு ஒரு தலைமுறை கழிவதற்குள் அதற்கு லட்சக்கணக்கான தலைமுறை போய்விடும். தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது, டாக்டர் சொன்னதற்குக் குறைவாகச் சாப்பிடுவது இரண்டுமே மருந்து தாங்கும் கிருமிக்கு இடம் காலி செய்து கொடுப்பதுதான். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார். காசநோய்க்கு ஆரம்பத்தில் நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் இதனால்தான். ஒரு மருந்தைத் தாங்கும் பிழை ஒரு கிருமிக்கு இருக்கலாம், நான்கையும் தாங்கும் பிழை ஒரே கிருமியில் சேர்வது மிக மிக அரிது.

ஓர் இனம் இரண்டு இனமாவது எப்படி?

பிரிந்து, கலக்காமல், ரொம்ப காலம் இருந்தால் போதும். 2003-ல் இடுக்கிப் பக்கம் ஊதா நிறத் தவளை ஒன்று அறிவியலுக்கு அறிமுகமானது. உப்பிய உடம்பு, பன்றி போல மூக்கு. வருடம் முழுக்க மண்ணுக்குள் கரையான் தின்றுகொண்டிருந்துவிட்டு, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் இனம் பெருக்க வெளியே வரும். அதன் நெருங்கிய உறவினர்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? இந்துமகா சமுத்திரத்து சீஷெல்ஸ் தீவுகளில். இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலமாக ஒட்டி இருந்து, சுமார் ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தவை. தவளை கடலைத் தாண்டவில்லை, நிலம்தான் அதைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது.

அப்புறம் 2017-ல் நமக்குப் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் அதே குடும்பத்தில் இன்னொரு தவளை தனி இனம் என்று விவரிக்கப்பட்டது. மலையின் மேற்குச் சரிவில் ஒன்று, கிழக்குச் சரிவில் ஒன்று. நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. நாம் வாரக்கடைசியில் காரில் தாண்டிவிடும் மலை, மண்ணுக்குள் வாழும் தவளைக்குக் கடலைப் போல.

மாணிக்கவாசகர் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று அன்றே பாடிவிட்டாரே?

திருவாதவூர்க்காரர் பாடல் என்பதால் மேலூர்ப் பிள்ளைகள் இதைப் பெருமையோடு கேட்பார்கள். பாடல் எனக்கும் மனப்பாடம். ஆனால் அவர் பாடியது ஒரே உயிர் பிறவி பிறவியாக உடம்பு மாறி அலைந்து இளைத்ததை, இறைவனிடம் சொல்லும் முறையீடு. பரிணாமம் சொல்வது ஓர் உயிரின் பயணம் பற்றி இல்லை, கூட்டங்கள் தலைமுறைகளில் மாறுவது பற்றி. இரண்டையும் போட்டுக் குழப்பினால் பாடலுக்கும் நியாயம் செய்யவில்லை, அறிவியலுக்கும் செய்யவில்லை. தொல்காப்பியம் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் புலன் கணக்கில் வகுத்தது வேறு விஷயம். அது அருமையான வகைப்பாடு. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது என்று அது சொல்லவில்லை.

மதுரையில் புதைபடிவம் கிடைக்குமா?

யானைமலையிலும் சமணர் மலையிலும் தேடினால் கிடைக்காது. நம் பாறைகள் பூமிக்குள் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்தவை, மிகப் பழையவை. படிவம் வேண்டுமானால் சேறு படிந்து கல்லான இடத்துக்குப் போக வேண்டும். அரியலூருக்குப் போங்கள். டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிர்களின் படிவங்கள் அங்கே மண்ணில் கிடக்கின்றன. பக்கத்தில் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரமும் இருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் 'உலகின் முதல் மனிதன்' மரபணு கிடைத்தது என்கிறார்களே?

செய்தி உண்மையில் தொடங்கி, பேச்சில் ஊதிப்போனது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்காவின் ஸ்பென்சர் வெல்ஸும் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற மரபணு அடையாளம் கண்டறியப்பட்டது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் இருக்கும் ஓர் எழுத்துப் பிழை அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அதே அடையாளம் உண்டு. பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, தென்னிந்தியா வழியாகக் கிழக்கே போன கூட்டத்தின் தடம் அது.

அதனால் அந்த ஊர்க்காரர் மட்டும் ஆதிமனிதர், மற்றவர் பிந்தியவர் என்று ஆகாது. நம் எல்லாருடைய மூதாதையரும் ஒரே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்தான். நமக்குள் பழைய கலப்பும் நிறைய உண்டு. இந்தியாவின் பல சமூகத்தாரை வைத்து 2013-ல் வந்த மரபணு ஆய்வு, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே தாராளமாகக் கலப்பு நடந்ததையும், பிறகுதான் தனக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியதையும் காட்டியது. சாதிக்கு ஒரு ரத்தம் என்று பேசும் வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு. அவர்களுக்கு இதை நான் இரண்டு முறை சொல்வேன்.

மனிதனிடம் இயற்கைத் தேர்வு நின்றுவிட்டதா?

இல்லை. 1952-ல் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தம், அதாவது சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் குணம், கண்டறியப்பட்டது. அந்த மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. மலேரியா நிறைந்த காடுகளில் அந்த ஒரு படி மரபணு உயிரைக் காத்தது, அதனால் தங்கிவிட்டது.

பரிணாமத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்களா?

மத்திய அரசுப் பாடத்திட்டத்துக்குப் புத்தகம் போடும் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் எடுத்துவிட்டார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலில் இருக்கிறது. தயவுசெய்து 'பரீட்சைக்கு வராது' என்று தாண்டாதீர்கள்.

தேவாங்கும் நமக்கு உறவா? எங்கே பார்க்கலாம்?

உறவுதான், குரங்கைவிடத் தூரம். பிரிந்து ஆறு கோடி ஆண்டுக்கும் மேல். ஆனால் விரல்களைப் பாருங்கள், நகத்தோடு நம் கையைப் போலவே பிடிக்கும். ராத்திரியில் மரத்தில் மெதுவாக நகர்ந்து பூச்சி பிடித்துத் தின்று, விவசாயிக்கு உதவுகிற உயிர். கண்ணைப் பார்த்துப் பயந்து, கெட்ட சகுனம் என்று அடித்துக் கொன்றவர்கள் நம்மவர்கள்தான். 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதே வருடம் நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் தேவாங்கு உண்டு. அய்யலூர்ப் பக்கம் வேலி மரங்களில் இருட்டியபின் பார்க்கலாம். போனால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும். பத்து நிமிடம் பேசாமல் நின்றால், கிளை நடுவில் இரண்டு செந்நிறப் பொட்டுகள் உங்கள் பக்கம் திரும்பும்.